ஜாடை மூக்கில் இல்லை: 12 இஞ்ச் ஃபிகருக்கு நடிகரின் தலை பிடிப்பது

குழந்தையைப் பார்த்ததும் "அப்படியே அப்பா ஜாடை" என்று சொல்லிவிடுகிறோம். எது அப்பாவுடையது, மூக்கா முழியா என்று யாராவது திருப்பிக் கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆக்‌ஷன் ஃபிகருக்கு ஒரு நடிகரின் தலையைச் செய்ய உட்காரும்போதும் சிக்கல் இதேதான். இமை மடிப்பு, உதட்டு வரி, மூக்குத் துவாரம் எல்லாம் படத்தில் உள்ளபடி வந்திருக்கும். தள்ளி வைத்துப் பார்த்தால் அது அந்த நடிகரின் தூரத்துச் சொந்தக்காரர் போல இருக்கும். உறுப்புகளில் குறை இல்லை. அவற்றுக்கு இடையே விட்ட தூரத்தில்தான் குறை.

12 இஞ்ச் ஃபிகர் நிஜ ஆளில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1:6. இந்த அளவில் அரை மில்லிமீட்டர் தவறினால் நிஜ முகத்தில் 3 மி.மீ. தவறியதாகப் பொருள். மூக்கின் அடியிலிருந்து வாய்க்கோடு வரை நிஜத்தில் இருப்பதே சுமார் 22 மி.மீ.தான். அதில் 3 மி.மீ. கூடினால் வேறு ஆள். அதனால் இந்த வேலையில் முதல் கருவி வெர்னியர் காலிப்பரும் இரு முனையிலும் ஊசி உள்ள டிவைடரும்தான். களிமண் கருவிகள் அதற்கு அப்புறம்.

மனதில் நிற்க வேண்டிய அளவுகள் சில உண்டு. வயது வந்த ஆணின் தலை மோவாயிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 23 செ.மீ.; ஆறால் வகுத்தால் 38 மி.மீ. மண்டையின் அகலம் 25, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை ஆழம் 32 முதல் 33, கன்ன எலும்புக்குக் கன்ன எலும்பு 23. இரண்டு கண்மணிகளுக்கு (கருவிழியின் நடுப்புள்ளிகளுக்கு) நடுவே 10.5. ஒரு கண்ணின் அகலம் 5, திறந்திருக்கும் உயரம் 1.7 அல்லது 1.8, கருவிழி 2. மூக்கின் அடி அகலம் 6, வாய் 8-லிருந்து 8.5, காதின் நீளம் 10.5. பெண் முகம் என்றால் பெரும்பாலானவை சுமார் 5 சதவீதம் குறையும். கருவிழி மட்டும் குறையாது, அதே 2 மி.மீ.தான். சிறிய முகத்தில் அதே அளவுக் கருவிழி உட்கார்வதால்தான் கண் பெரிதாகத் தெரிகிறது.

இவை சராசரி. எந்த நடிகரும் சராசரி இல்லை, அவர் சராசரியிலிருந்து விலகும் இடங்கள்தான் அவருடைய ஜாடை. அந்த விலகலைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. நேராகப் பார்க்கும் படத்தைக் கணினியில் திறந்து, கண்மணிகளுக்கு நடுவே 100 பிக்சல் வரும்படி அளவை மாற்றுங்கள். இனி அந்தப் படத்தில் எதை அளந்தாலும் 0.105-ஆல் பெருக்கினால் களிமண்ணில் எத்தனை மி.மீ. என்று கிடைத்துவிடும். மூக்கடியிலிருந்து வாய்க்கோடு 36 பிக்சல் என்றால் 3.8 மி.மீ. வாய்க்கோட்டிலிருந்து மோவாய் 76 பிக்சல் என்றால் 8 மி.மீ. உச்சந்தலையை அடிப்படையாக வைத்து அளக்க வேண்டாம். முடி மறைத்திருக்கும், எங்கே மண்டை முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு பலிக்க, படத்தில் தலை நிஜமாகவே நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் 20 டிகிரி திரும்பியிருந்தாலே கண்மணித் தூரம் 6 சதவீதம் சுருங்கிவிடும், பிறகு எல்லா அளவும் பிழை. மூக்குத்தண்டின் இரு பக்கமும் கண்ணின் உள்மூலை வரை சம தூரம் தெரிகிறதா என்று பாருங்கள். தலை குனிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதைக் காது சொல்லும். குனிந்தால் காதுகள் கண்ணை விட மேலேறித் தெரியும், நெற்றி நீளும், மோவாய் குறுகும். நிமிர்ந்தால் காது இறங்கும்.

படம் சேர்ப்பதில் எண்ணிக்கை உதவாது. நூறு படம் இருந்தாலும் வேலைக்கு ஆவது பத்துதான், அந்தப் பத்தும் ஒரே வயதில், ஒரே முகபாவத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். வயது ஏறினால் மூக்கு நுனியும் காது மடலும் இறங்கும், உதடு மெலியும், கன்னத்துக் கொழுப்பு வற்றும். முப்பது வயது நெற்றியும் ஐம்பது வயது கன்னமும் சேர்ந்தால் அது யாருமில்லை. சிரிப்பும் அப்படித்தான். சிரித்தால் வாய் அகலும், மூக்கு பரக்கும், கீழிமை மேலேறும், கன்னம் திரளும். சிரித்த படத்திலிருந்து வாயையும் சிரிக்காத படத்திலிருந்து கண்ணையும் எடுத்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

நல்ல ஆதாரம் எதுவென்றால், காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது நடிகர் மெதுவாகத் தலை திருப்பும் ஒரு ஷாட். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பிரேம்களை எடுத்தால் ஒரே வெளிச்சம், ஒரே மேக்கப், ஒரே கேமரா தூரத்தில் முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டு வரை எல்லாக் கோணமும் கிடைக்கும். அச்சுப் பத்திரிகைக்காகத் தோலை வழவழப்பாக்கிய படங்களை விட இது எவ்வளவோ மேல். இடம் வலம் மாறிய படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. முடி வகிடு, மச்சம் இவற்றோடு சட்டைப் பொத்தானையும் கவனியுங்கள். ஆண் சட்டையில் பொத்தான் அணிபவரின் வலப் பக்கம் இருக்கும். செல்ஃபி கேமரா படம் புரண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கேமரா தூரத்தையும் ஆறால் வகுங்கள்

சிலையை ஃபோனில் படமெடுத்து நடிகரின் படத்தோடு ஒப்பிடுவது எல்லோரும் செய்வது. அதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஒரு முகம் படத்தில் எப்படித் தெரியும் என்பதை நிர்ணயிப்பது கேமராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம். கிட்டே போகப் போக மூக்கு பெருக்கும், காது கன்னத்துக்குப் பின்னால் ஒளியும். நடிகரை ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்து எடுத்த படம் என்று வைத்துக்கொண்டால், சிலையை 25 செ.மீ. தள்ளியிருந்து எடுத்தால்தான் அதே பார்வை கிடைக்கும். மூன்று மீட்டர் என்றால் 50 செ.மீ. சிலையும் ஆறில் ஒன்று, தூரமும் ஆறில் ஒன்று.

ஃபோனை 6 செ.மீ. கிட்டே கொண்டுபோய் மேக்ரோவில் எடுப்பது என்ன தெரியுமா? நிஜ ஆளின் முகத்துக்கு 36 செ.மீ. அருகே கேமராவை நீட்டுவது. அந்தப் படத்தில் சரியான மூக்கும் தடிமனாகத் தெரியும், அதை நம்பி மூக்கை இழைத்துக் குறைத்தால் நல்ல சிலை கெட்டுப்போகும். தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபோன் அசையாமலிருக்க ஒரு ஸ்டாண்ட், ஆதாரப் படத்தில் வெளிச்சம் வரும் அதே பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு. இரண்டு படத்தையும் கண்மணியில் பொருத்தி, மேல் படத்தை 50 சதவீதம் ஊடுருவும்படி வைத்தால் எங்கே தப்பு என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். இதை முடிந்த பிறகு செய்யும் சோதனையாக வைக்காதீர்கள். மண்டை உருவம் வந்ததும் ஒருமுறை, கண் வைத்ததும் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அமர்விலும் ஒருமுறை செய்ய வேண்டும்.

நேர்முகப் படத்தை விட முக்கால் பக்கம் திரும்பிய படம் ஜாடையை அதிகம் காட்டிக்கொடுக்கும். புருவ எலும்பில் தொடங்கி கண்குழியில் உள்வாங்கி, கன்ன எலும்பில் வெளியே வந்து, வாயோரத்தில் அடங்கி, மோவாயில் முடியும் அந்தத் தூரத்துக் கன்னத்தின் விளிம்புக்கோடு ஆளுக்கு ஆள் மாறும். சிலையை அதே கோணத்துக்குத் திருப்ப ஓர் அடையாளம் வேண்டுமே? மூக்கு நுனி தூரத்துக் கன்னத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பிரேமைத் தேர்ந்தெடுங்கள். சிலையையும் மெல்லத் திருப்பி, நுனி விளிம்பைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். மூக்கின் நீளமும் கன்னத்தின் துருத்தலும் சரியாக இருந்தால் மற்ற எல்லாம் படத்தில் உள்ள இடத்திலேயே வந்து நிற்கும். வராவிட்டால் கோளாறு மூக்கிலா கன்னத்திலா என்பதை நேராக மேலிருந்து பார்த்தால் பிடித்துவிடலாம்.

மண்ணும் உள்கூடும்

இந்த அளவுக்குப் பாலிமர் க்ளேதான் வசதி, ஓவனில் வைக்கும்வரை இறுகாது. சூப்பர் ஸ்கல்ப்பி என்ற பிராண்டின் தோல்நிற வகை கொஞ்சம் ஒளி ஊடுருவும். நுணுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும், விரல் பட்டாலே அமுங்கும். சாம்பல் நிற சூப்பர் ஸ்கல்ப்பி ஃபர்ம் கெட்டியாக நிற்கும், நிழல் தெளிவாக விழும். விறைப்பு அதிகம் என்று தோன்றினால் இரண்டையும் சம பங்கு கலந்து ஐந்து நிமிடமாவது நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள். காஸ்டிலீன் போன்ற மெழுகு வகைகளில் இமை விளிம்பு கத்தி போல நிற்கும். ஆனால் சூடேற்றிய கருவியால் வேலை செய்யப் பழக வேண்டும். முதல் தலைக்கு அது வேண்டாம்.

சுடாத மண்ணை ஃபிகரின் பிளாஸ்டிக் கழுத்தின் மீது நேரடியாக வைக்கக் கூடாது. மண்ணை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிப் பிசுபிசுக்க வைத்துவிடும். தலையை மாட்டும் கழுத்து முளையை ஓவனில் வைத்தால் உருகியே போகும். முளையின் விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, அதே விட்டத்தில் ஓர் உலோகக் குச்சியோ குண்டோ வைத்துக் குழியை உருவாக்குங்கள். மண் சுடும்போது ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கலாம் என்பதால் குழி கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

இரண்டு மி.மீ. அலுமினியக் கம்பியை மரக்கட்டையில் நட்டு, மேலே அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி உள்கூடு செய்ய வேண்டும். கரண்டியின் முதுகால் அடித்து அடித்துக் கல் போல் இறுக்குங்கள். தளர்வாக விட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து கன்னத்தைக் கொப்புளமாகத் தூக்கும். உள்கூடு எந்தப் பக்கமும் இறுதி அளவை விட ஐந்தாறு மி.மீ. சிறிதாக இருக்கட்டும். அதன் மேல் மெல்லிய மண் போர்த்தி மண்டை ஓட்டின் உருவம் கொடுத்து, கண்குழிகளில் இரண்டு 4 மி.மீ. எஃகு பால்பேரிங் குண்டுகளைப் பதித்து, அந்த நிலையிலேயே ஒருமுறை சுட்டுவிடுங்கள். நிஜக் கண்முழி 24 மி.மீ., ஆகவே 4 மி.மீ. குண்டு கனகச்சிதம். இப்போது கையில் இருப்பது இறுகிய மண்டையும் அசையாத கண்ணும். இனி எவ்வளவு அழுத்தினாலும் அடித்தளம் நகராது.

மண்டை விஷயத்தில் முதல் கோணல் முற்றும் கோணல். அடிக்கடி நேரும் பிழை பின்மண்டையைத் தட்டையாக விடுவது. முகத்திலேயே கவனம் இருப்பதால் ஆழம் 32 மி.மீ. வேண்டிய இடத்தில் 27, 28-லேயே நின்றுவிடும். அடுத்தது கண்ணை மேலே வைப்பது. கண் தலையின் சரிபாதியில், மோவாயிலிருந்து 19 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. மூன்றாவது, காதை முன்னால் கொண்டுவருவது. பக்கவாட்டில் பார்த்தால் தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால்தான் காது தொடங்கும், தாடை எலும்பு அதன் கீழே மடங்கும். கழுத்தைச் செங்குத்தாக நடுவதும் ஒரு பிழை. கழுத்து முன்னோக்கிச் சாய்ந்து தலையைத் தாங்குகிறது. செங்குத்தாக வைத்தால் எந்த நடிகரும் சிப்பாய் போல விறைத்து நிற்பார்.

ஒரு கண், அருகிலிருந்து

கண்ணைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். முதலில் மேலிருந்து குனிந்து பாருங்கள். முகம் தட்டையான பலகை இல்லை, பீப்பாய் போல வளைந்தது. கண்ணின் வெளிமூலை உள்மூலையை விடத் தெளிவாகப் பின்னால் இருக்கும். இரண்டும் ஒரே சமதளத்தில் இருந்தால் முகமூடி மாதிரி ஆகிவிடும், அப்புறம் எந்த நுணுக்கமும் காப்பாற்றாது.

அரை மி.மீ. தடிமனுக்கு மண்ணை நூலாக உருட்டி 7 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஊசி முனையால் எடுத்து மேலிமையாகக் குண்டின் மேல் வளைத்து வையுங்கள். முதலில் உள்மூலையைப் பதித்து, நூலை வெளிப்பக்கம் கொண்டுபோய், வெளிமூலை உள்மூலையை விட ஒரு மயிரிழை உயரத்தில் முடியுமாறு விடுங்கள். நூலின் மேல் விளிம்பை மட்டும் ரப்பர் முனைக் கருவியால் மேல்நோக்கித் தேய்த்துச் சேருங்கள். கீழ்விளிம்பைத் தொடாதீர்கள். அந்த விளிம்பின் தடிமன்தான் இமையின் தடிமன், நிஜத்தில் 2 மி.மீ., இங்கே 0.3. அது குண்டின் மீது ஒரு சின்ன நிழலை விழ வைக்கும். பார்வைக்கு உயிர் அந்த நிழலில் இருக்கிறது. கீழிமைக்கு இதை விட மெல்லிய நூல். வெளிமூலையில் மேலிமை கீழிமையின் மேல் ஏறி முடிய வேண்டும், இரண்டும் முனையோடு முனை முட்டக் கூடாது.

மேலிமையின் வளைவு அரைவட்டமில்லை. உச்சி மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருக்கும். கீழிமையின் பள்ளம் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். கருவிழியின் மேல்பகுதியை இமை கொஞ்சம் மூடவேண்டும், 0.2 மி.மீ. போதும். முழுக் கருவிழியும் தெரிந்தால் ஆள் பயந்து விழிப்பது போல் ஆகிவிடும். கருவிழி 2 மி.மீ., திறப்பு 1.8 மி.மீ. என்ற கணக்கை மறக்காவிட்டால் இந்தத் தவறு வராது. கண் எவ்வளவு உள்வாங்கியது என்பதற்கு, புருவ எலும்புக்கும் கன்ன எலும்புக்கும் குறுக்கே ஓர் ஊசியைச் செங்குத்தாக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஊசி இமையைத் தொடுகிறதா, இடைவெளி இருக்கிறதா என்பதைப் பக்கவாட்டுப் படத்தோடு சரிபார்க்கலாம்.

இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான முகங்களில் ஒரு கண் கொஞ்சம் சிறுத்து, ஒரு புருவம் ஏறி, வாயோரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். சமச்சீராகச் செய்துவிட்டுக் கடைசியில் கோணலைச் சேர்ப்பது சரியான வரிசை. ஆனால் சேர்க்காமல் விட்டால் கடைப் பொம்மை போல நிற்கும்.

வாய்க்கு ஒரே ஒரு விதி. உதடு பல்வரிசையின் மேல் போர்த்தியிருக்கிறது, பல்வரிசை ஒரு வளைவு. அதனால் வாயோரங்கள் நடு உதட்டை விட 2 மி.மீ. வரை பின்னால் போகும். நேராகக் கோடு கீறி உதடு வைத்தால் எவ்வளவு அழகான உதடானாலும் ஸ்டிக்கர் ஒட்டியது போலத்தான் தெரியும். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பும் கீறலில் வராது. கன்னத்தின் திரட்சியும் மேலுதட்டுப் பகுதியின் திரட்சியும் சந்திக்கும் பள்ளம் அது. இரண்டு பக்கமும் மண் ஏற்றினால் மடிப்பு தானாக வரும். கருவியால் கீறினால் இருபது வயது கூடிவிடும்.

பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடுவது இந்த வேலையின் பெரிய தொல்லை. கண்ணாடியில் காட்டிப் பார்ப்பதும், ஜன்னலுக்கு எதிரே வைத்து வெறும் நிழலுருவத்தைப் பார்ப்பதும் உதவும். சிலையையும் படத்தையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதும் நல்ல வழி. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 1980-ல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்சன், மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் தலைகீழாக ஒட்டிக் காட்டினார். படம் கவிழ்ந்திருக்கும்போது ஒன்றும் பெரிதாக உறுத்தாது, நேராக்கினால் திடுக்கிட வைக்கும். முகத்தை முழுதாக ஒரே மூச்சில் படிக்கும் நம் பழக்கம் கவிழ்த்தால் வேலை செய்வதில்லை. ஆகவே கவிழ்த்த நிலையில் இந்த வளைவு அகலமா, அந்த இடைவெளி குறைவா என்று வெறும் வடிவங்களாக ஒப்பிடலாம். ஆள் தெரிகிறாரா என்பதை நேராக வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடி, தோல், சூடு

நிஜத்தில் ஒரு மயிரின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. ஆறால் வகுத்தால் எந்தக் கருவியாலும் கீற முடியாத அளவு. எனவே முடியை இழைகளாக நினைக்கக் கூடாது. முதலில் மொத்த உருவம், பிறகு பெரிய கற்றைகள், அவற்றைப் பிரித்துச் சின்னக் கற்றைகள், கடைசியில் அங்கங்கே சில கீறல்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி சீப்பால் வாரியது போலக் கீறினால் நூடுல்ஸ் ஆகிவிடும். முகம் சுட்டு இறுகிய பிறகு, அபாக்ஸி ஸ்கல்ப்ட் போன்ற இரண்டு பகுதி எபாக்ஸி புட்டியைச் சம அளவு கலந்து முடி வைப்பது பாதுகாப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாம், 24 மணி நேரத்தில் இறுகிவிடும், முகத்தை மறுபடி தொட வேண்டியதில்லை. முடி தொடங்கும் இடத்தில் படிக்கட்டு போல விளிம்பு தெரியக் கூடாது. புட்டியைத் தோலோடு பூஜ்யமாக இழைத்து, கிருதாவிலும் நெற்றியிலும் சில கீறல்களைத் தோல் பக்கம் நீட்டிவிட வேண்டும்.

மண் பச்சையாக இருக்கும்போது வழவழப்பாக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூரிகையில் தொட்டுத் தடவலாம். அளவு மீறினால் மேற்பரப்பு குழைந்து, உழைத்துச் செய்த இமை விளிம்பு மழுங்கும். முதலில் வழவழப்பு, கடைசியில் விளிம்புகளைக் கூராக்குவது என்று வரிசை வையுங்கள். தோல் துளைகளுக்குப் பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகக் குத்தினால் போதும். சமையலறை பிளாஸ்டிக் தாளை மேலே விரித்துக் குத்தினால் பள்ளங்களின் ஓரம் மென்மையாகும். மூக்கு நுனி, கன்னம், மோவாய் இங்கெல்லாம் கொஞ்சம் அதிகம், இமையில் அறவே வேண்டாம். இந்த அளவில் தோல் துளை கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தால் அது அம்மைத் தழும்பு.

சுடுவது 130 டிகிரி செல்சியஸில், ஒவ்வொரு 6 மி.மீ. தடிமனுக்கும் 15 நிமிடம். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். உள்ளே தனித் தெர்மாமீட்டர் வையுங்கள். மூக்கும் காதும் மெல்லியவை, முதலில் கருகுவது அவைதான். அலுமினியத் தாளைக் கூடாரமாக மேலே கவிழ்த்தால் பழுப்பேறாது. ஆறிய ஓவனில் வைத்துச் சூடேற்றி, ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டால் விரிசல் குறையும். சூடு எல்லை மீறி மண் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். ஜன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள். விரிசல் விட்டால் கவலை வேண்டாம், எபாக்ஸி புட்டி அடைத்து 400-லிருந்து 1000 வரை எண்ணுள்ள நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால் தடமே தெரியாது.

கணினியில் ஸீப்ரஷ், பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள் வழி செய்பவர்களுக்கும் இடைவெளிக் கணக்கு இதேதான். கேமராவின் ஃபோகல் லெங்த் தவறாக இருந்தால் மேக்ரோ ஏமாற்றம் அங்கேயும் உண்டு. இரு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கும் சிமெட்ரி பொத்தானைக் கடைசி வரை அணைக்காமல் விடுவது இன்னொன்று. ரெசின் 3டி பிரிண்டில் 0.03 முதல் 0.05 மி.மீ. அடுக்கு போதும். தலையைப் பின்னால் சாய்த்து, தாங்கிகள் பின்மண்டையிலும் கழுத்திலும் மட்டும் படுமாறு வையுங்கள்.

மூலச் சிலையின் மேலேயே பெயின்ட் அடிப்பதை விட, சிலிகான் அச்செடுத்து ரெசினில் ஒரு பிரதி வார்த்து அதற்கு அடிப்பது நல்லது. சில ஸ்ப்ரே பிரைமர்கள் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) பாலிமர் க்ளேயோடு வினைபுரிந்து மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும். பிளாட்டினம் வகை சிலிகான், கந்தகம் கலந்த மண்ணும் எபாக்ஸி புட்டியும் பட்ட இடத்தில் இறுகாமல் கூழாக நிற்க வாய்ப்புண்டு. அபாக்ஸியில் முடி வைத்த தலைக்கு டின் வகை சிலிகானே நிம்மதி. வார்க்கும்போது கழுத்து மேலே, தலை கீழே. காற்றுக்குமிழி மூக்கு நுனியிலும் காது விளிம்பிலும் தங்கும் என்பதால், முதல் சொட்டு ரெசினைத் தூரிகையால் அந்த இடங்களில் பூசிவிட்டு மீதியை ஊற்றுங்கள். வார்த்த தலையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பிரைமர் அடித்தால் பெயின்ட் உரியும்.

நிறம் ஒரே பூச்சு கிடையாது. பல முகங்களில் நெற்றி கொஞ்சம் மஞ்சள், கன்னமும் மூக்கும் காதும் சிவப்பு, மழித்த தாடை சாம்பல் நீலம் என்று மூன்று பட்டைகள் உண்டு. தண்ணீர் போல மெலிந்த அக்ரிலிக்கைப் பல பூச்சாக ஏற்றுங்கள். கறுப்பு, மாநிறத் தோலுக்கு நிழலாகக் கறுப்பு வண்ணம் கலந்தால் சாம்பல் பூத்துச் செத்த நிறமாகும். செம்பழுப்பும் கொஞ்சம் ஊதாவும் சேர்த்து இருட்டுங்கள். அந்தத் தோலின் அழகு பளிச்சென்று ஒளி படும் இடத்தில் இருக்கிறது, அதனால் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன மேட்டில் பளபளப்பில்லாத மேட் பூச்சைக் கொஞ்சம் குறைத்து, லேசாக மினுங்கும் சாட்டினாக விடலாம்.

புருவத்தை வரையும்போது கை ஓர் அரை மி.மீ. ஏறினாலும், இவ்வளவு நேரம் காலிப்பர் வைத்துக் காத்த இடைவெளி போய்விடும். ஆகவே புருவத்துக்கும் கருவிழிக்கும் முன்னால் மறுபடி அந்த 100 பிக்சல் படத்தைத் திறந்து அளந்துகொள்ளுங்கள். கண்ணின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளை கூடாது, துளி பழுப்பும் சாம்பலும் கலந்த வெள்ளை. கருவிழி 2 மி.மீ., கண்மணி 0.6. இரண்டு கருவிழியின் இடத்தையும் பென்சிலால் குறித்து, ஒரு கை தூரத்தில் வைத்து இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று உறுதி செய்தபின் வண்ணம் வையுங்கள். முழுத் தலைக்கும் மேட் வார்னிஷ் அடித்து, அது காய்ந்த பிறகு உதட்டுக்கு சாட்டின், கண்ணுக்கு மட்டும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ். கிளாஸை ஒரே ஒரு சொட்டாகக் குண்டின் நடுவில் வைத்தால் அது தானாக இமை விளிம்பு வரை பரவி நிற்கும். தூரிகையால் இழுத்தால் கீழிமையில் வழிந்து, அழுத கண் போல ஆகிவிடும்.